நாலு விரல் உயரத்தில் ஒரு பிரேக்

என் வலது கணுக்கால் மேல்நோக்கி மடங்காது. தரையில் தட்டையாகப் பதியும், கீழ்நோக்கி நீளும், மேலே மட்டும் வராது. அறுவைச் சிகிச்சை செய்த டாக்டர் இதைச் சொன்னபோது எனக்கு அது பெரிய விஷயமாகப் படவில்லை. நடக்க முடியுமா என்று கேட்டேன். முடியும் என்றார். அது போதுமே என்று நினைத்துக்கொண்டேன். எட்டு மாதம் கழித்து என் பிக்கப்பின் டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்த அன்றைக்குத்தான் அவர் சொன்னதன் அர்த்தம் புரிந்தது.

வண்டி பழையது. ஜீப் போல மூக்கு நீண்டு, பின்னால் இரும்புத் தொட்டி வைத்த டீசல் வண்டி. ஒரு கல் குவாரியில் ஓடித் தேய்ந்து, முள்ளுக்குள் நின்றுகொண்டிருந்ததை வாங்கிவந்து பதினாறு வருடம் ஓட்டிவிட்டேன். எங்கள் ஊர் கீரனூருக்குப் பக்கம். தைலமரக் கன்று, கடலை மூட்டை, சிமெண்ட், விசேஷ வீட்டுப் பாத்திரம் என்று கூப்பிட்டதற்கெல்லாம் போவேன். ஒரு நாள் வைக்கோல் பாரத்தின் மேல் நின்று கயிற்றை இழுத்துக் கட்டும்போது கயிறு அறுந்தது. நான் நின்றபடியே தரைக்கு வந்தேன். கணுக்காலுக்கு மேலே இரண்டு எலும்பும் போய்விட்டன. திருச்சியில் பிளேட் வைத்துத் தைத்தார்கள்.

சும்மா இருப்பது எனக்குப் பழக்கமில்லாத வேலை. என் மனைவி அங்கன்வாடி டீச்சர். காலையில் அவள் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு போனதும் வீடு என்னை நெருக்க ஆரம்பிக்கும். வாசலில் உட்காருவேன், ஐந்து நிமிடத்தில் எழுந்து கொல்லைக்குப் போவேன், அங்கே ஒன்றும் இல்லை என்று திரும்பி வருவேன். ஒழுகாத குழாயைக் கழற்றிப் பார்த்தேன். நன்றாகச் சுற்றிக்கொண்டிருந்த ஃபேனை இறக்கி எண்ணெய் போட்டேன், அதற்கப்புறம் அது சத்தம் போட ஆரம்பித்தது. சாயங்காலம் அவள் வந்ததும் முதல் கேள்வியே, "இன்னைக்கு எதைக் கழட்டுனீங்க?" என்பதாகத்தான் இருக்கும்.

பிக்கப்பை மட்டும் தினமும் ஸ்டார்ட் செய்து பத்து நிமிடம் ஓடவிடுவேன். பேட்டரி இறங்கிவிடக் கூடாது என்பது சாக்கு. பேட்டரிக்காக வண்டியில் ஏறிய நான், ஒருநாள் கியரைப் போட்டு வாசலிலிருந்து வேப்பமரம் வரைக்கும் நகர்த்திப் பார்த்தேன். பிரேக் போட வேண்டிய இடத்தில் கால் போகவில்லை.

எங்கள் வண்டியில் ஆக்சிலேட்டர் பெடல் தரையோடு தரையாகக் கிடக்கும். பிரேக் பெடல் அதைவிட உயரத்தில் நிற்கும். கையை வைத்து அளந்து பார்த்தேன், நாலு விரல் உயரம். நல்ல காலாக இருந்தால் குதிகாலைத் தரையிலேயே வைத்துக்கொண்டு பாதத்தை மட்டும் தூக்கித் திருப்பினால் போதும். பதினாறு வருடமும் அப்படித்தான் செய்திருக்கிறேன் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. இப்போது பாதம் மேலே வராததால், இடுப்பிலிருந்து முழுக் காலையும் தூக்கி, இடது பக்கம் நகர்த்தி, பெடல் மேல் வைக்க வேண்டியிருந்தது. அதற்குள் வேப்பமரம் பம்பரைத் தொட்டுவிட்டது. இலைகள் கொஞ்சம் கண்ணாடி மேல் கொட்டின. இறங்கி அவற்றைத் துடைத்துவிட்டு, எதுவும் நடக்காதது போல் உள்ளே போய்ப் படுத்துக்கொண்டேன்.

ஆனால் படுக்க முடியவில்லை. அந்த நாலு விரல் உயரம் மண்டைக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. பிரேக் பெடலை ஆக்சிலேட்டர் மட்டத்துக்கு இறக்கிவிட்டால் பாதத்தைத் தூக்கவே வேண்டாம், பக்கவாட்டில் தள்ளினால் போதும். இத்தனை சின்ன விஷயத்துக்காகவா எட்டு மாதம் வீட்டுக்குள் கிடக்கிறேன் என்று கோபம் வந்தது.

கீரனூரில் திருச்சி ரோட்டோரம் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக் என்னோடு பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் இருந்தவன். நாங்கள் மாப்ளே, மச்சான் என்று கூப்பிட்டுக்கொள்வோம். பஸ் ஏறிப் போய் அவனிடம் விஷயத்தைச் சொன்னேன். ஒரு டிராக்டரின் கீழ் படுத்திருந்தவன் வெளியே வரவே இல்லை. கால் மட்டும் தெரிந்தது.

"முடியாது மாப்ளே."

"ஏன் முடியாது? போல்ட்டைத் திருகுனா எறங்கப் போவுது."

"எறங்கும். ஆனா பெடல எறக்குனா மிதிக்கிறதுக்கு எடம் கொறஞ்சு போவும். பிரேக் முழுசாப் புடிக்கிறதுக்கு முன்னாடியே பெடல் தரையில முட்டிரும். நாலு வீலையும் கழட்டி, லைனிங்கை நெருக்கி வெச்சு, அப்புறம்தான் பெடல்ல கை வெக்கணும்."

"அப்ப அதையும் சேத்துப் பண்ணு."

அவன் வெளியே வந்து உட்கார்ந்தான். என் காலைப் பார்த்தான். "வண்டிய சரி பண்ணிருவேன். ஒங் காலுக்கு நான் என்ன உத்தரவாதம் குடுக்க முடியும்? டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வா. ஓட்டலாம்னு அவரு சொல்லட்டும், மறுநாளே செஞ்சு தாரேன்."

டாக்டரிடம் கேட்டால் என்ன சொல்வார் என்ற பயம் எனக்கு இருந்தது. அதை அவனிடம் சொல்லவில்லை. "ஒன்ன நம்பி வந்தேன் பாரு" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். பஸ்ஸில் வரும்போதே போனை எடுத்துத் தேட ஆரம்பித்தேன். ஒரு வெளிநாட்டுக்காரர் தன் பழைய பிக்கப்பின் டாஷ்போர்டுக்குக் கீழே தலையை விட்டுக்கொண்டு ஏதோ விளக்கிக்கொண்டிருந்தார். அவர் பேசியது பாதி புரியவில்லை. கை போகிற இடத்தைப் பார்த்தால் போதும் என்று விரலால் தள்ளித் தள்ளி ஓடவிட்டேன்.

நான் பார்த்த வரைக்கும் விஷயம் இதுதான். பிரேக் பெடலின் தண்டுக்கு மேலே ஒரு ஸ்டாப்பர் போல்ட் இருக்கிறது. பெடல் அதில் முட்டி நிற்கும், அதற்கு மேல் எழும்பாது. போல்ட்டை உள்ளே திருகினால் பெடல் தாழ்ந்து நிற்கும். அசையாமல் இருக்க ஒரு லாக் நட். அவ்வளவுதான்.

மறுநாள் மனைவி வேலைக்குப் போனதும் சாக்கை விரித்து, கதவுப் பக்கமிருந்து மல்லாக்கப் படுத்து, தலையை உள்ளே விட்டேன். நல்ல கால் வெளியே தொங்கியது, கெட்ட காலை ஸ்டூல் மேல் வைத்தேன். துரு ஏறிய லாக் நட் இளக அரை மணி நேரம் ஆனது. முகத்தில் மண்ணும் கிரீஸும் கொட்டின. எட்டு மாதத்தில் அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததில்லை. போல்ட்டைத் திருகத் திருகப் பெடல் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. ஆக்சிலேட்டர் மட்டத்துக்கு ஒரு விரல் மேலே வந்ததும் நிறுத்தி லாக் நட்டை இறுக்கினேன். ஊருக்குள் இரண்டு சுற்று ஓட்டிப் பார்த்தேன். கால் வழுக்கிக்கொண்டு பிரேக்குக்குப் போனது. தொட்டதுமே பிடித்தது. மெக்கானிக் பயமுறுத்தியது போல் பெடல் தரையில் முட்டவும் இல்லை. அவனுக்கு என்ன தெரியும் என்றுகூட நினைத்தேன்.

அந்தப் பெடலிலிருந்து ஒரு கம்பி, சக்கரங்களுக்குப் பிரேக் எண்ணெயைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டருக்குள் போகிறது. பெடல் தாழ்ந்தால் அந்தக் கம்பியையும் அதே அளவு குட்டையாக்க வேண்டும். இல்லாவிட்டால் யாரும் மிதிக்காமலே பிரேக் கொஞ்சம் மிதிபட்டபடி இருக்கும், தூரம் ஓட ஓடச் சூடேறி இன்னும் இறுகும். வீடியோவில் நான் தள்ளிவிட்ட பகுதியில் அவர் அதைத்தான் சொல்லியிருக்க வேண்டும்.

இரண்டு வாரத்தில் கறம்பக்குடியில் என் மச்சினன் புது வீடு பால் காய்ச்சினான். மனைவிக்கு அவன் ஒரே தம்பி. அக்கா சீராக ஒரு இரும்பு பீரோ எடுத்திருந்தாள். அதைக் கொண்டுபோக வேறு வண்டி சொல்லலாம் என்றாள்.

"வீட்ல வண்டிய நிறுத்திக்கிட்டு இன்னொருத்தன் வண்டியிலயா சீர் கொண்டு போறது?" என்றேன்.

"நீங்க ஓட்டுவீங்களா?"

"ஓட்டுறேன். பெடலை எறக்கியாச்சு. இப்ப காலு சுளுவாப் போவுது."

அவள் என்னை நேராகப் பார்த்தாள். "யாரு எறக்குனா?"

"மெக்கானிக்தான். வேற யாரு?"

பொய் தயாராக இருந்ததுபோல் வந்து விழுந்தது. அவள் வேறு ஒன்றும் கேட்கவில்லை. மெக்கானிக் மேல் அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை.

காலையில் பீரோவை ஏற்றிக் கட்டி, கீரனூர் தாண்டிக் கந்தர்வகோட்டைப் பக்கம் போகும் ரோட்டில் திரும்பினோம். அவள் மாம்பழக் கலர்ப் பட்டுப் புடவை கட்டியிருந்தாள், மடியில் பழத்தட்டு. இரண்டு பக்கமும் தைலமரக் காடு. ஆள் இல்லாத நேரான ரோடு. ஜன்னலில் முழங்கையை வைத்துக்கொண்டு ஓட்டினேன். எனக்குப் பாட வேண்டும் போல இருந்தது.

கொஞ்ச தூரத்தில் பைக்கில் ஒருவர் முந்திக்கொண்டு வந்து ஜன்னல் பக்கம் குரல் கொடுத்தார். "அண்ணே, பின்னாடி செகப்பு லைட்டு எரிஞ்சுக்கிட்டே வருதுண்ணே. அணையவே மாட்டேங்குது!"

"வயரு ஷார்ட்டா இருக்கும்" என்று அவளிடம் சொன்னேன்.

பிறகு வண்டி இழுக்கத் தயங்கியது. நாலாவது கியரில் போக வேண்டிய இடத்தில் மூன்றாவது கேட்டது. எதிர்க்காற்று என்றேன். மரத்தில் ஒரு இலைகூட அசையவில்லை. தீய்ந்த வாசனை வந்தபோது அவள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "நிறுத்திப் பாருங்களேன்" என்றாள். "காட்டுக்குள்ள எவனாவது டயரக் கொளுத்தியிருப்பான்" என்றேன். எனக்கு உள்ளுக்குள் தெரிந்துவிட்டது. ஆனால் நிறுத்தினால் மறுபடியும் கிளம்பாது என்ற பதற்றத்தில் ஆக்சிலேட்டரை இன்னும் அழுத்தினேன். பிரேக் பெடலைத் தொட்டால் கல்லைத் தொட்டது போல் இருந்தது.

அந்த ரோடு ஒரு இடத்தில் கண்மாய்க் கரை மேல் ஏறும். ஏற்றம் பெரிதில்லை, ஆனால் ஒரு வண்டிதான் போக முடியும். பாதி ஏற்றத்தில் வண்டி தானாக நின்றது. நான் ஒன்றும் செய்யவில்லை. நாலு சக்கரமும் பூட்டிக்கொண்டன. முன் சக்கரத்திலிருந்து வெள்ளைப் புகை வந்தது.

பின்னாலேயே ஒரு டவுன் பஸ் வந்து நின்றது. ஹாரன் அடித்தார்கள். கண்டக்டரும் ஏழெட்டு ஆம்பளைகளும் இறங்கி வந்து, நியூட்ரலில் போடச் சொல்லி, மேலே தள்ளிப் பார்த்தார்கள். வண்டி இம்மி அசையவில்லை. "பிரேக்குல இருந்து காலை எடுங்க" என்று ஒருவர் சத்தம் போட்டார். "காலே வெக்கலைங்க" என்றேன். யாரும் நம்பவில்லை. நான் இறங்கி, கால் ஒடிந்ததிலிருந்து கூடவே இருக்கும் தடியை ஊன்றிக்கொண்டு முன்னாலும் பின்னாலும் நடந்தேன். சக்கரத்தைத் தொட்டுக் கையைச் சுட்டுக்கொண்டேன்.

அதற்குள் அவள் மெக்கானிக்கைப் போனில் பிடித்துவிட்டாள். ஸ்பீக்கரில் போட்டாள்.

"வண்டி பூட்டிக்கிட்டு நிக்குதுங்க. நீங்க பெடல எறக்கிக் குடுத்ததுல ஏதோ ஆயிருச்சு போல."

"நான் அந்த வண்டியில கையே வெக்கலையே டீச்சர்" என்றான்.

பஸ் ஆட்கள் அத்தனை பேரும் சுற்றி நின்றிருந்தார்கள். அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். கோபமாக இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். யாரோ தெரியாத ஆள் நிற்பது போலப் பார்த்தாள். போனை வாய்க்கு நெருக்கமாகப் பிடித்து, "சரிங்க. இப்ப என்ன செய்யணும்னு சொல்லுங்க" என்று மட்டும் கேட்டாள்.

"பெடலுக்கு மேல ஒரு போல்ட் இருக்கும் பாருங்க. அதைத்தான் திருகியிருப்பான். லாக் நட்ட எளக்கிட்டு போல்ட்ட வெளிய திருகுங்க. பெடல் மேல வந்துச்சுன்னா பிரேக் விட்டுரும். அதுக்கு முன்னாடி வீலுக்குப் பின்னால நல்ல கல்லா அண்டக் குடுத்துருங்க."

"எங்க போகப் போவுது, பூட்டிக்கிட்டுல்ல நிக்குது" என்றேன் நான். பஸ்காரர் இன்னொரு முறை ஹாரன் அடித்தார். எனக்கு அந்த இடத்தை விட்டுப் போனால் போதும் என்று இருந்தது. ஸ்பேனரை எடுத்துக்கொண்டு குனிந்தேன். வீட்டில் சாக்கு விரித்து, ஸ்டூல் வைத்துச் செய்த வேலை அது. ஏற்றத்தில் நின்ற வண்டியில், ஒரு காலை ஊன்ற முடியாமல், தலையை உள்ளே விட என்னால் முடியவில்லை. இரண்டு தடவை வழுக்கினேன்.

"நகருங்க" என்றாள் அவள். பட்டுப் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, டிரைவர் சீட்டில் வயிற்றை வைத்துக் கவிழ்ந்து, தலைகீழாக உள்ளே போனாள். கால் இரண்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. நான் வெளியிலிருந்து, "எடது பக்கமாத் திருகு, எடது பக்கம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். "தெரியுது, பேசாம இருங்க" என்று உள்ளிருந்து குரல் வந்தது.

லாக் நட் இளகிவிட்டது. போல்ட்டை அவள் விரலாலேயே சுற்றும் சத்தம் கேட்டது. பெடல் டக்கென்று மேலே எழுந்தது. சிலிண்டருக்குள் எங்கோ ஒரு பெருமூச்சு போல் சத்தம். அதோடு வண்டி பின்னால் உருள ஆரம்பித்தது.

நியூட்ரலில் இருந்தது. ஹேண்ட் பிரேக் கேபிள் அறுந்து இரண்டு வருடம். பின்னால் பஸ், பஸ்ஸுக்கும் வண்டிக்கும் நடுவில் தள்ள வந்த ஆட்கள். நான் திறந்திருந்த கதவைப் பிடித்து இழுத்தேன். ஒரு மனிதன் இழுத்தா அது நிற்கும்? தடி கையிலிருந்து விழுந்தது. "பிரேக்கு! பிரேக்கு!" என்று கத்தினேன். யாரைப் பார்த்துக் கத்தினேன் என்று தெரியவில்லை.

அவள் கையாலேயே பெடலை அமுக்கினாள். இரண்டு உள்ளங்கையையும் அதன் மேல் வைத்து, தலைகீழாகக் கிடந்தபடியே, உடம்பு கனத்தையெல்லாம் போட்டு அமுக்கினாள். வண்டி குலுங்கி நின்றது. அந்தக் குலுக்கலில் அவள் நெற்றி ஸ்டீயரிங் தண்டில் மோதிய சத்தம் எனக்குக் கேட்டது.

"கல்லு! கல்லக் குடுங்கய்யா!" என்று கண்டக்டர் அலறினார். கரையில் பதித்திருந்த கல் ஒன்றை இரண்டு பேர் பெயர்த்து வந்து சக்கரத்துக்கு அடியில் போட்டார்கள். இன்னொன்றும் போட்டார்கள். "போட்டாச்சும்மா, விடுங்க" என்று பலமுறை சொன்ன பிறகுதான் அவள் கையை எடுத்தாள். வெளியே வந்தபோது நெற்றி புடைத்திருந்தது. புடவை முழுக்கக் கிரீஸ். உள்ளங்கைகளை விரிக்க முடியாமல் மடக்கியே வைத்திருந்தாள். வண்டிக்கும் பஸ்ஸுக்கும் இடையே ஒரு ஆள் படுக்கிற நீளம்தான் மிச்சம் இருந்தது.

சக்கரம் கொஞ்சம் ஆறியதும் நான் ஏறி, கரை மேல் மடைக்குப் பக்கத்தில் அகலமாக இருந்த இடத்துக்கு வண்டியை ஓட்டிப்போய் ஒதுக்கினேன். பஸ் மெதுவாகத் தாண்டி வந்தது. அவள் கையைக் காட்டி அதை நிறுத்தினாள். பழத்தட்டையும் பையையும் எடுத்துக்கொண்டாள்.

"நான் பஸ்ல போறேன். தம்பி காத்துக்கிட்டு இருப்பான். மெக்கானிக் வாரேன்னாரு. அவரு வர்ற வரைக்கும் சாவியத் தொடாதீங்க."

"அடிபட்டிருக்கே..."

"பீரோவப் பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டு ஏறிக்கொண்டாள்.

மெக்கானிக் பைக்கில் வந்துசேர இரண்டு மணி நேரம் ஆனது. அந்த இரண்டு மணி நேரமும் என்னால் ஒரு இடத்தில் நிற்க முடியவில்லை. கரையில் அந்தக் கோடி வரை நடந்தேன், கால் வலித்தது, திரும்பி நடந்தேன். பீரோ கண்ணாடியில் என் முகம் தெரிந்தது, அதைப் பார்க்கப் பிடிக்காமல் தார்ப்பாயை இழுத்து மூடினேன். தண்ணீர் குறைந்த கண்மாயில் இரண்டு பேர் வலை வீசிக்கொண்டிருந்தார்கள். ஒருவர், "வண்டி ரிப்பேருங்களா?" என்று கேட்டார். "இல்லைங்க, நான்தான்" என்று சொல்ல வந்து, "ஆமாங்க" என்றேன். அந்த ஆட்கள் சக்கரத்துக்கும் பஸ்ஸுக்கும் நடுவில் நின்ற காட்சி திரும்பத் திரும்ப வந்தது. அவள் கை ஒரு நொடி தாமதித்திருந்தால் என்று நினைத்துக்கொண்டு நடந்தேன்.

மெக்கானிக் வந்ததும் திட்டுவான் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருக்கலாம். நேராக உள்ளே தலையை விட்டு, போல்ட்டையும் கம்பியையும் பார்த்துவிட்டு வெளியே வந்தான்.

"கம்பிய அப்படியே விட்டுட்ட."

"தெரியாதுடா."

"தெரியாதுங்கிறதுதான் தெரியுமே. நான் மாட்டேன்னதும் நீயும் செய்ய மாட்டேன்னு நெனச்சேன்."

பிறகு அவனே போல்ட்டைச் சரியான இடத்துக்குத் திருகி லாக் நட்டை இறுக்கினான். பெடலை விரலால் தட்டிக் காண்பித்தான். அரை விரல் அளவு லொடலொட என்று சும்மா ஆடி, அதற்கப்புறம்தான் கம்பியைத் தொட்டது. "இந்த ஆட்டம் இருக்கணும். இது இருந்தாத்தான் பிரேக்குக்கு மூச்சு விட எடம்" என்றான். பெடலின் உயரத்தை அவன் பழையபடியே வைத்துவிட்டான். எனக்கு முகம் விழுந்துவிட்டது.

"பிரேக்க எதுக்கு எறக்கணும்? ஆக்சிலேட்டர ஏத்துனா ஆகாதா?" என்றான். எனக்கு அது தோன்றவே இல்லை. தரையோடு கிடக்கிற பெடல் மேல் ஒரு தகட்டு மேடை வைத்துவிட்டால் இரண்டும் ஒரே மட்டத்துக்கு வரும். குதிகாலுக்குக் கீழே ஒரு கட்டை. பிரேக்கில் கைவைக்கவே வேண்டியதில்லை. "ஆனா இங்கிட்டு வெச்சு அத செய்ய முடியாது. பட்டறைக்கு வா. டாக்டரு சொன்னப்புறம் வா."

வலை வீசியவர்களைக் கூப்பிட்டுத் தன் பைக்கையும் பின்னால் தூக்கி வைத்துக்கொண்டு, அவனே பிக்கப்பை ஓட்டினான். நான் இடது பக்கம் உட்கார்ந்துகொண்டேன்.

கறம்பக்குடியில் நாங்கள் போய் இறங்கும்போது பந்தி முடிந்து இலை எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவள் யாருடைய புடவையையோ கட்டிக்கொண்டு பாயசம் ஊற்றிக்கொண்டிருந்தாள். மச்சினன் பீரோவை இறக்க ஓடிவந்தான். "அத்தான், அக்கா நெத்தியில இப்புடி வீங்கியிருக்கு, பஸ்ல கம்பியில இடிச்சுக்கிட்டேங்குது. கூட்டமா இருந்துச்சோ?" என்றான். நான் அவளைப் பார்த்தேன். அவள் வாளியோடு அடுத்த வரிசைக்குப் போய்விட்டாள். "பீரோ கண்ணாடி பத்திரம்" என்றேன்.

திரும்பி வரும்போது மூன்று பேரும் முன் சீட்டில் நெருக்கி உட்கார்ந்தோம். நடுவில் அவள். கந்தர்வகோட்டை தாண்டியதும் அவள் மெக்கானிக்கிடம் கேட்க ஆரம்பித்தாள். அந்தக் கம்பி என்ன, போல்ட் என்ன, கல் ஏன், லைட் ஏன் அணையாமல் எரிந்தது என்று ஒவ்வொன்றாக. அவனும் ஒவ்வொன்றாகச் சொன்னான். எனக்குத் தெரிய வேண்டியதையெல்லாம் அவள் கேட்டுக்கொண்டு வந்தாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, ஒரு வார்த்தை விடாமல் கேட்டேன்.

அந்த வாரம் முழுக்க அவள் என்னிடம் வேண்டியதை மட்டும் பேசினாள். சாப்பாடு இருக்கிறது, கதவைச் சாத்துங்க, அவ்வளவுதான். எதைக் கழற்றினீர்கள் என்று கேட்கவில்லை. நானும் எதையும் கழற்றவில்லை. மெக்கானிக் ஹேண்ட் பிரேக் கேபிளை மாற்றிவிட்டு, லைனிங்கைப் பார்த்துக் கொடுத்தான். வண்டி வாசலில் நின்றது. தினமும் அதைச் சுற்றி வந்தேன், ஸ்டார்ட் செய்யவில்லை. சாவி அவள் கைப்பையில் இருந்தது. கேட்டால் கொடுத்திருப்பாள் என்றுதான் நினைக்கிறேன். கேட்கவில்லை.

அடுத்த திங்கட்கிழமை லீவு போட்டுவிட்டு, "கெளம்புங்க, திருச்சிக்கு" என்றாள். கீரனூரில் பஸ் ஏறினோம். ஆஸ்பத்திரியில் டோக்கன் வாங்கிக்கொண்டு நீளமான பெஞ்சில் உட்கார்ந்தோம். நான் உட்காருவதும் எழுந்து நடப்பதுமாக இருந்தேன். டாக்டர் முடியாது என்று சொல்லிவிட்டால்? முடியும் என்று சொல்லிவிட்டால், இவள் என் பக்கத்தில் இனிமேல் உட்காருவாளா? இரண்டில் எதற்குப் பயப்படுகிறேன் என்றே பிடிபடவில்லை. கடைசியில் அவள் முன்னால் போய் நின்றேன்.

"மெக்கானிக் செஞ்சான்னு சொன்னது..." என்று ஆரம்பித்தேன்.

அவள் நிமிர்ந்தாள். நெற்றி வீக்கம் வற்றி மஞ்சளாகி இருந்தது.

"வண்டி உருண்டப்ப எனக்கு ஒண்ணும் தெரியலைங்க" என்றாள். "தலகீழாக் கெடந்தேன். பின்னாடி ஆளுங்க நிக்கிறாங்கன்னுகூட அப்புறந்தான் தெரிஞ்சுச்சு. பயமே இல்லை. நீங்க பொய் சொல்லியிருக்கீங்கன்னு அவரு போன்ல சொன்னாரு பாருங்க, அப்பதான் பயந்துட்டேன். இவரு இனிமே எது சொன்னாலும் நான் எத வெச்சு நம்புறதுன்னு."

"தப்புதான்" என்றேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு கட்டுப் போட்ட ஆள் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு நாங்கள் எதைப் பற்றிப் பேசுகிறோம் என்று புரிந்திருக்காது.

உள்ளேயிருந்து நர்ஸ் எங்கள் நம்பரைக் கூப்பிட்டார். அவள் எழுந்து பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"நானும் உள்ள வாரேன்" என்றாள். "அவரு சொல்றத நானும் கேக்கணும்."

டாக்டர் தன் உள்ளங்கையை என் பாதத்தில் வைத்து, பலம் கொண்ட மட்டும் மிதிக்கச் சொன்னார். மிதித்தேன். இன்னும் என்றார். இன்னும் மிதித்தேன். பிறகு ஒரு கோட்டின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகப் பாதத்தை மாற்றி மாற்றி வைக்கச் சொல்லி, நேரம் பார்த்தார். அவள் சுவர் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். டாக்டர் சொன்னது நான் பயந்த அளவுக்கும் இல்லை, ஆசைப்பட்ட அளவுக்கும் இல்லை. கால் பலமாகத்தான் இருக்கிறது, வேகம்தான் போதவில்லை, மூன்று மாதம் பயிற்சி செய்துவிட்டு வாருங்கள், அதுவரை ஓட்டாதீர்கள் என்றார்.

"மூணு மாசமா?" என்றேன்.

"மூணு மாசந்தாங்க" என்றாள் அவள், டாக்டர் வாயைத் திறக்கும் முன்பே.

இப்போது ஒரு மாதமும் சில நாட்களும் ஆகின்றன. காலையில் அவள் கிளம்புவதற்கு முன் பத்து நிமிடம், தரையில் சாக்பீஸால் இரண்டு கட்டம் போட்டு, கையைத் தட்டுவாள். தட்டியதும் நான் காலை மாற்ற வேண்டும். அங்கன்வாடிப் பிள்ளைகளிடம் பேசுகிற அதே குரலில், "மறுபடியும்" என்பாள். சில நாள் நன்றாக வருகிறது, சில நாள் வருவதில்லை. வராத நாளில் அவள் போன பிறகும் நான் அந்தக் கட்டங்களுக்கு முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, தட்ட ஆள் இல்லாமல், நானே தொடையில் தட்டிக்கொண்டு மாற்றி மாற்றி வைத்துப் பார்க்கிறேன்.